லூசியானாவுக்குக் குடிவருகிறீர்களா? முதலில் தண்ணீர், அப்புறம் சோறு

லூசியானாவின் லாஃபயெட் ஊருக்கு நாங்கள் குடிவந்த அன்று சாயங்காலம், பக்கத்து வீட்டுப் பெரியவர் மூடி போட்ட ஒரு கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே கம்போ என்ற இந்த ஊர்க் குழம்பு சுடச்சுட, தனியாகக் கொஞ்சம் சோறு. "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வேண்டாம்" என்கிற அர்த்தத்தில் எதையோ சொன்னேன். நம் ஊரில் முதல் "வேண்டாம்" மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவது தடவை நீட்டினால் வாங்கிக்கொள்வோம். அவர் முதல் தடவையிலேயே "சரி" என்று தலையாட்டிவிட்டுக் கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டார். அது மறுபடி என் வாசலுக்கு வர எட்டு மாதம் ஆயிற்று.

அந்த எட்டு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வேலைக்கோ படிப்புக்கோ லூசியானா வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் "ஹூஸ்டன் கிடைக்கவில்லை, அதனால் இங்கே" என்ற முகத்தோடுதான் வருகிறார்கள். டெக்சஸ் பக்கம் போனால் கோவில், சரவண பவன், ஆயிரம் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் உண்டு, உண்மைதான். ஆனால் அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே அமெரிக்கா மாதிரி இல்லாத ஒரு மண்ணில் வாழ்ந்து பார்க்க வேண்டுமென்றால் அது இந்த மாநிலத்தில்தான் கிடைக்கும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். ஆறு, வயல், புழுக்கம், கொசு, சோறு, உபசாரம் எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதைப் பார்த்து இங்கேயே தங்கிவிட்டவன்.

1. வீடு பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

மற்ற ஊர்களில் பள்ளிக்கூடம், அலுவலக தூரம், வாடகை என்ற வரிசையில் வீடு தேடுவார்கள். இங்கே முதல் கேள்வி தண்ணீர். ஃபீமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பு போட்டிருக்கும் வெள்ள வரைபடத்தில் வீட்டு முகவரியைப் போட்டால் அது எந்த மண்டலம் என்று தெரியும். 'ஏஇ' என்று வந்தால் வெள்ள ஆபத்து அதிகம். வீட்டுக் கடன் வாங்கினால் வெள்ளக் காப்பீடு எடுக்கச் சொல்லி வங்கியே கட்டாயப்படுத்தும். 'எக்ஸ்' என்று வந்தால் ஆபத்து குறைவு. ஆனால் இல்லை என்று அர்த்தமில்லை. 2016 ஆகஸ்டில் பேட்டன் ரூஜ், லாஃபயெட் பக்கங்களில் நாள்கணக்கில் கொட்டிய மழைக்குப் புயல் என்ற பெயர்கூட வைக்கவில்லை. வரைபடத்தில் 'எக்ஸ்' என்றிருந்த எத்தனையோ வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குக் காசு தராது. இதை இரண்டு தடவை படியுங்கள். வெள்ளத்துக்குத் தனிக் காப்பீடு வேண்டும். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால், வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தாலொழிய, 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். மெக்சிகோ வளைகுடாவில் புயல் சுழல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஓடிப்போய் எடுக்க முடியாது. வாடகைக்கு இருப்பவர்களும் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம்.

வீட்டுத் தரகர் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் தெருவில் நாய் பிடித்துக்கொண்டு நடக்கும் வயதானவரிடமும் கேளுங்கள். "இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது?" என்றால் போதும், கையைத் தன் முழங்காலிலோ மார்பிலோ வைத்துக் காட்டுவார். எந்த வருஷம், எந்தப் புயல், யார் வீட்டுப் படகு என்று வரலாறே வரும். நியூ ஆர்லியன்ஸில் பழைய வீடுகள் ஏன் செங்கல் தூண்கள்மேல் இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்கின்றன என்பதும் அப்போது புரியும். அழகுக்காக இல்லை. 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரினா புயல் வந்து கரைகள் உடைந்தபோது அந்த நகரத்தில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது.

காப்பீட்டுச் செலவை வாடகையோடோ கடன் தவணையோடோ சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வீட்டுக்கும் காருக்கும் இங்கே காப்பீடு மிக அதிகம். வீடு மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் அதற்கப்புறம்தான் முகம் சுருங்குவார்கள்.

2. முதல் மாதத்துக் காகித வேலை

இது சட்டென்று முடியும். வெளி மாநிலத்திலிருந்து வந்தால் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் பதிவையும் 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். 'கவுண்டி' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். இங்கே எல்லாம் 'பாரிஷ்', மொத்தம் 64. கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகளாக இருந்த பிரிவுகளின் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கடையில் விற்பனை வரி மாநிலமும் பாரிஷும் சேர்ந்து பத்து சதவீதத்தை ஒட்டி வரும், விலைச் சீட்டைப் பார்த்துக் காசை எண்ணி வைக்காதீர்கள். சொந்த வீடு வாங்கி அதிலேயே குடியிருந்தால், பாரிஷ் மதிப்பீட்டு அலுவலகத்துக்குப் போய் 'ஹோம்ஸ்டெட்' விலக்குக்கு எழுதிக்கொடுங்கள். வீட்டு மதிப்பில் முதல் 75,000 டாலருக்குச் சொத்து வரி குறையும். தானாக வராது, கேட்டால்தான் தருவார்கள்.

சட்டம் ஒன்றுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மற்ற 49 மாநிலங்களிலும் இங்கிலாந்து வழிப் பொதுச் சட்டம். லூசியானாவில் மட்டும் குடும்பம், சொத்து, ஒப்பந்தம் போன்றவை பிரெஞ்சு, ஸ்பானிய மரபிலிருந்து வந்த சிவில் சட்டத் தொகுப்பின்படி நடக்கின்றன. கணவன் மனைவி கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதிப்பது பொதுவாக இருவருக்கும் சேர்ந்த சொத்து. 23 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பங்கே இல்லாமல் உயில் எழுதுவது பொதுவாகச் செல்லாது. நோட்டரி என்பவர் இங்கே முத்திரை மட்டும் குத்துகிறவர் இல்லை. கடினமான தேர்வு எழுதி ஆயுளுக்கும் நியமனம் பெற்றவர், உயிலும் கிரயப் பத்திரமும் அவரே எழுதலாம். வேறு மாநிலத்தில் எழுதிய உயில் உங்களிடம் இருந்தால் ஒரு தடவை காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். இருக்கத்தான் செய்யும். 1719 முதல் 1731 வரை புதுச்சேரியும் லூசியானாவும் ஒரே பிரெஞ்சுக் கம்பெனியின் கையில் இருந்தவை.

3. பெயர்களை வாயில் பழக்குங்கள்

எழுத்துக்கூட்டிப் படித்தீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள். 1714-இல் உருவான ஒரு பழைய ஊர், எழுத்தில் 'நாட்சிடோசெஸ்' என்று இருக்கும். வாயில் 'நாக்கடிஷ்'. 'திபோடாக்ஸ்' என்று படிப்பது 'டிபடோ'. நியூ ஆர்லியன்ஸில் 'சார்ட்ரே' தெருவை 'சார்ட்டர்ஸ்' என்பார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாகத் தவறுவார்கள், ஏனென்றால் இது பிரான்ஸின் பிரெஞ்சும் இல்லை, அமெரிக்க ஆங்கிலமும் இல்லை. திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் ஆக்கியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பெரிய விஷயமில்லை.

சாலை நடுவே இருக்கும் புல்திட்டு நியூ ஆர்லியன்ஸில் 'நியூட்ரல் கிரவுண்ட்'. வழி கேட்டால் வடக்கு தெற்கு வராது, ஆற்றுப் பக்கம், ஏரிப் பக்கம், ஆற்றுக்கு மேலே, கீழே என்றுதான் வரும். மிசிசிப்பி அங்கே வளைந்து வளைந்து ஓடுவதால் திசைகாட்டி உதவாது. வயதான அம்மாக்கள் உங்களை 'ஷா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள், 'கண்ணு' என்கிற மாதிரி. அப்புறம் 'லான்யாப்'. ஸ்பானிய மொழி வழியாக வந்த சொல். ஒரு டஜன் வாங்கினால் பதின்மூன்றாவதாகக் கடைக்காரர் போடுவாரே, அது. அகராதி பார்த்து விளக்கம் எழுதும் ஆங்கிலக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், நமக்கு ஒரே சொல்தான்: கொசுறு.

இந்த மொழியின் பின்னால் ஒரு வலி இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்தில் வாழ்ந்த அகேடியர்கள் என்ற பிரெஞ்சுக் குடியானவர்களை 1755 முதல் ஆங்கிலேயர்கள் கப்பல்களில் ஏற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்து 1760-களில் இங்கே வந்து சதுப்பு நிலத்தோரம் குடியேறினார்கள். 'அகேடியன்' தேய்ந்துதான் 'கேஜுன்' ஆனது. 1921-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும்தான் என்றது. வகுப்பில் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்கு அடியும் தண்டனையும் கிடைத்தன. மொழியைக் காப்பாற்ற அரசே ஓர் அமைப்பை உருவாக்கியது 1968-இல். அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்பாவிடம் பிரெஞ்சிலும் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலும் பேசியே வாழ்ந்தவர். என் மகள் வீட்டில் தமிழ் பேசுகிறாள் என்று தெரிந்தபோது, "விட்டுவிடாதே" என்று என்னிடம் சொன்னவர் இந்த ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

4. சோறு

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம்.

தென்மேற்கு லூசியானாவில் மதியச் சாப்பாடு என்றால் 'பிளேட் லஞ்ச்'. சின்னக் கடை, பதினொன்றுக்குத் திறக்கும், ஒன்றரைக்கெல்லாம் தீர்ந்துவிடும். தட்டில் வெள்ளைச் சோறு, மேலே இறைச்சிக் குழம்பு, பக்கத்தில் இரண்டு காய். அதற்குப் பெயரே 'ரைஸ் அண்ட் கிரேவி'. கும்பகோணத்து மெஸ் ஒன்றைத் தூக்கிவந்து பெட்ரோல் பங்க் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும். இங்கே நான் போன கேஜுன் வீடுகளில் ரைஸ் குக்கர் இல்லாத சமையலறையை இன்னும் பார்க்கவில்லை. லாஃபயெட்டிலிருந்து அரை மணி நேரத்தில் குரோலி. ஊரைச் சுற்றி நெல் வயல், நெல்லுக்கென்றே 1937-இலிருந்து திருவிழா. முதல் தடவை அந்தச் சாலையில் போகும்போது ஜன்னலை இறக்கிவிட்டு மூச்சை இழுத்துப் பாருங்கள், பால் பிடிக்கும் பயிரின் வாசனை உலகமெங்கும் ஒன்றுதான்.

கம்போ கற்றுக்கொள்ளுங்கள். அதன் அஸ்திவாரம் 'ரூ'. எண்ணெயும் கோதுமை மாவும் சம அளவு, கனமான பாத்திரம், சிறு தீ, கையில் கட்டைக் கரண்டி. கிளற ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம் நகரக் கூடாது. முதலில் பச்சை மாவு வாசனை. பிறகு வறுத்த கடலை நிறம். அப்புறம் பழைய செப்புக் காசு. அதற்கும் மேலே போய்க் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி கருத்து வரும்போது, நறுக்கி வைத்த வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் கொட்ட வேண்டும். சுர்ரென்று ஒரு சத்தம், வீடெல்லாம் வாசனை. இடையில் தொலைபேசியை எடுத்தீர்களானால் அடியில் கரும்புள்ளிகள் வரும். வந்துவிட்டால் சரி செய்யவே முடியாது, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அல்வா கிண்டிப் பழகிய கைக்கு இது தானாக வரும். பொறுமை இல்லாதவர்களுக்குக் கடையில் பாட்டிலில் ரூ கிடைக்கிறது, அதை வாங்குவதில் வெட்கமே வேண்டாம், இங்கத்துப் பாட்டிகளே வாங்குகிறார்கள்.

கம்போ என்ற சொல்லே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காய்க்கு உள்ள பெயரிலிருந்து வந்தது. குழம்பைக் கெட்டியாக்க வெண்டைக்காய் போடுவது ஆப்பிரிக்கர் வழி. சசாஃப்ரஸ் இலைப்பொடி தூவுவது இந்த மண்ணின் பூர்வகுடிகளான சாக்டா மக்களிடமிருந்து வந்த வழி. ரூ பிரெஞ்சுக்காரர் வழி. எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சோற்றின்மேல் ஊற்றிக்கொள்கிறார்கள். லாஃபயெட் பக்கம் அதற்குள்ளேயே ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட்டையும் போடுவார்கள். முகம் சுளிக்காமல் ஒரு தடவை முயன்று பாருங்கள். எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

சைவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உணவகங்களில் கஷ்டம்தான். திங்கட்கிழமை தோறும் செய்யும் சிவப்புப் பீன்ஸும் சோறும் பார்க்க நம் ராஜ்மா மாதிரி இருக்கும், உள்ளே பன்றி இறைச்சி கிடக்கும். "இதில் இறைச்சி உண்டா?" என்று கேட்டால், "இல்லையே, வாசனைக்குக் கொஞ்சம் ஹாம், அவ்வளவுதான்" என்பார்கள், பொய்யாக இல்லை, மனதார. அதனால் ஹாம், சாஸேஜ், கோழிச் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் சூடாக விற்கும் 'பூடான்' பன்றி இறைச்சியும் சோறும் அடைத்தது. சாப்பிடுகிறவர்கள் அதை விடாதீர்கள், காருக்குள்ளேயே தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதுதான் முறை.

ஆனால் வீட்டுச் சமையலுக்கு இது சொர்க்கம். வெண்டைக்காய், கத்தரிக்காய் கோடை முழுவதும் மலிவு. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் 'மெர்லிடான்' என்று கொண்டாடுகிற காய் வேறொன்றுமில்லை, நம்ம சௌசௌ. அவர்கள் உள்ளே குடைந்து இறால் அடைத்துச் சுடுவார்கள், நாம் கூட்டு வைக்கலாம். இலையுதிர் காலத்தில் நியூ ஐபீரியா பக்கம் போனால் கரும்பு வெட்டு. லாரிகள் சாலையெல்லாம் சேறும் சோகையும் சிந்திக்கொண்டு போகும், ஆலையிலிருந்து வெல்லம் காய்ச்சும் வாசனை வரும். ஆபெவில் ஊரில் 1910 முதல் காய்ச்சும் கரும்புப் பாகு மஞ்சள் டின்னில் எல்லாக் கடையிலும் இருக்கும். அடைக்குத் தொட்டுக்கொள்ள அதைவிட நல்லது இந்த நாட்டில் கிடையாது. ஒரு எச்சரிக்கை: கறிவேப்பிலைச் செடியை வெளி மாநிலத்திலிருந்து காரில் வைத்து எடுத்துவரும் முன் விசாரியுங்கள். எலுமிச்சை வகை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும் என்பதால் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

5. கிராஃபிஷ், தனிப் பாடம்

இறாலுக்கும் நண்டுக்கும் நடுவில் ஒரு பிராணி. டெல்டாக்காரர்கள் வயல் நண்டை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். இங்கேயும் வயல்தான். நெல் அறுத்த பிறகு அதே வயலில் தண்ணீர் நிறுத்தினால், வளைக்குள் பதுங்கியிருந்தது மேலே வரும், கண்ணி வைத்துப் பிடிப்பார்கள். ஒரே நிலத்தில் கோடையில் நெல், குளிர்காலத்திலிருந்து கிராஃபிஷ். பருவம் ஜனவரி வாக்கில் தொடங்கி ஜூன் வரை. மார்ச் முதல் மே வரைதான் பெரிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். ஜனவரியில் ஆசைப்பட்டு வாங்கினால் காசு அதிகம், ஓடு கெட்டி, சதை கொஞ்சம்.

யாராவது "சனிக்கிழமை பாயில், வாங்க" என்றால் போங்கள். கிராஃபிஷை அவித்துக் கூடிச் சாப்பிடும் விருந்துக்குத்தான் 'பாயில்' என்று பெயர். வெறுங்கையோடு போகாதீர்கள், குளிர்ந்த பானமோ இனிப்போ எடுத்துப் போனால் போதும். கொல்லையில் நம்ம அண்டா மாதிரி ஒரு பாத்திரம், கீழே எரிவாயு அடுப்பு. தண்ணீரில் மிளகாய், உப்பு, எலுமிச்சை, முழுப் பூண்டு, மசாலா. சாக்கு மூட்டையிலிருந்து உயிரோடு கொட்டுவார்கள். ஒரு மூட்டை 30 முதல் 40 பவுண்டு. உருளைக்கிழங்கு, சோளக்கதிர் கூடவே வேகும். வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஊறவிடுவார்கள், காரம் உள்ளே இறங்குவது அப்போதுதான். பிறகு செய்தித்தாள் விரித்த நீள மேசையில் அப்படியே குவிப்பார்கள். தட்டு கிடையாது. எல்லாரும் நின்றுகொண்டே.

ஒரு கையில் தலை, மறு கையில் வால். முறுக்கி இழுங்கள். தலையை உறிஞ்சுங்கள், மசாலா சாறெல்லாம் அதில்தான். பிடிக்காவிட்டால் விடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வாலின் முதல் ஓட்டு வளையத்தை உரித்துவிட்டு, நுனியை விரலால் அழுத்திப் பல்லால் இழுத்தால் சதை முழுதாக வரும். முதல் அரை மணியில் பத்து உரிப்பீர்கள், பக்கத்தில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை ஐம்பது உரித்திருக்கும். கண்ணை மட்டும் கசக்காதீர்கள். நான் கசக்கினேன். அந்த வீட்டுத் தோட்டக் குழாயடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வந்தவர்கள் எல்லாரும் எனக்கு அறிமுகமானது அங்கேதான்.

6. ஜூன் 1 வருவதற்கு முன்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகஸ்டும் செப்டம்பரும்தான் வயிற்றைக் கலக்கும். முன்கூட்டியே செய்யவேண்டியது: பாஸ்போர்ட், விசாத் தாள்கள், ஐ-20 அல்லது ஐ-797, பிறப்புச் சான்று, காப்பீட்டுத் தாள் எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில். வீட்டின் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் காப்பீட்டுக்கு உதவும். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும், மின்சாரம் போனால் அட்டை வேலை செய்யாது. புயல் வளைகுடாவுக்குள் வந்துவிட்டது என்றதும் காருக்கு எரிபொருள் நிரப்பிவிடுங்கள். எங்கே போய்த் தங்குவது என்று மே மாதமே ஒரு சிநேகிதரிடம் பேசி வையுங்கள்.

வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். "நான் 1969-இலிருந்து எதுக்கும் நகர்ந்ததில்லை" என்று சொல்லும் ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார். அவருக்கு ஜெனரேட்டரும் படகும் ஐந்து மகன்களும் இருப்பார்கள், உங்களுக்கு இல்லை. ஜெனரேட்டர் வாங்கினால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தள்ளி வையுங்கள். அதன் புகையில் செத்தவர்கள் உண்டு.

குளிர்ப்பெட்டியைக் காலி செய்யாமல் கிளம்பக் கூடாது. 2020-இல் ஆகஸ்ட் 27 லாரா புயல், அக்டோபர் 9 இன்னொன்று, ஏறக்குறைய ஆறு வாரத்தில் இரண்டு. இரண்டாவதன் பெயர் 'டெல்டா'. தஞ்சாவூர்க்காரனை விரட்ட அந்தப் பெயரில் ஒரு புயல். அவசரத்தில் கிளம்பிய நாங்கள், அன்று காலைதான் அரைத்து வைத்த இட்லி மாவை மறந்துவிட்டோம். கூடவே ஹூஸ்டனிலிருந்து வாங்கிவந்த வஞ்சிரம் நான்கு கிலோ. மின்சாரம் இல்லாத வீட்டுக்கு ஐந்தாம் நாள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, பொங்கிய மாவு தட்டுத் தட்டாக வழிந்து தரைக்கு வந்து காய்ந்திருந்தது. மீனைப் பற்றி எழுத வேண்டாம். பெட்டியைத் திறக்காமலே டேப் சுற்றி வாசலில் தள்ளிவிடு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். அதுதான் இங்கே எல்லாரும் செய்வது. அந்த வாரம் தெருவெங்கும் கரண்ட் போனவர்கள் எல்லாம் உருகிக்கொண்டிருந்த இறாலையும் கோழியையும் வெளியே எடுத்து வந்து ஒன்றாகச் சமைத்தார்கள். அவ்வளவு நல்ல சாப்பாடு நான் கல்யாண வீட்டில்கூடச் சாப்பிட்டதில்லை.

7. மார்டி கிரா

மார்டி கிரா என்பது கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டம். வெளியாட்கள் நினைப்பது போல இது குடிகாரர் கூத்து இல்லை. அது நியூ ஆர்லியன்ஸில் ஒரு தெருவோடு முடிந்தது. மற்ற இடங்களில் குடும்பத் திருவிழா, பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஜனவரி 6-இல் பருவம் தொடங்கும், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாயோடு முடியும். 2027-இல் அது பிப்ரவரி 9. ஊதா, பச்சை, பொன் நிறச் சர்க்கரை தூவிய 'கிங் கேக்' அலுவலகத்துக்கு வரும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழந்தை. உங்கள் துண்டில் வந்தால் அடுத்த கேக் உங்கள் செலவு. மெதுவாகக் கடியுங்கள்.

ஊர்வலத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவையோ லாஃபயெட்டையோ தேர்ந்தெடுங்கள். மேலே உட்காரும் பெட்டி வைத்த ஏணிகளில் குழந்தைகளை ஏற்றி வைத்திருப்பார்கள். ஏணியைத் தெருவோரத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது நியூ ஆர்லியன்ஸ் விதி. தேர்களிலிருந்து பாசிமணி மாலைகள் பறக்கும். கீழே விழுந்ததைக் கையால் எடுக்காதீர்கள், முதலில் செருப்புக் காலை வைத்து மிதித்துக்கொண்டு அப்புறம் குனியுங்கள், இல்லாவிட்டால் விரல் போய்விடும். கழிப்பறைக்கு வழி முன்பே யோசித்து வையுங்கள். வேறு எதையும்விட இதற்குத்தான் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

இன்னொரு வகை மார்டி கிரா மாமூ, யூனிஸ் போன்ற சிற்றூர்களில். கூம்புத் தொப்பியும் முகமூடியும் போட்டவர்கள் குதிரையிலும் வண்டியிலும் வீடு வீடாகப் போய்க் கம்போவுக்குச் சாமான் பிச்சை கேட்பார்கள். வீட்டுக்காரர் உயிர்க்கோழியைப் பறக்கவிடுவார், சேறு பூசிய வயலில் அத்தனை பேரும் துரத்துவார்கள். மாலையில் ஊருக்கே கம்போ. நம் கிராமத்துத் திருவிழாவில் வேஷம் கட்டி வருகிறவர்களிடம் ஓடி ஒளிந்த ஞாபகம் உங்களுக்கு இருந்தால், இதை ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள்.

8. ஆட்டமும் பாட்டும்

ஏப்ரலில் லாஃபயெட் நகரத் தெருக்களில் நடக்கும் சர்வதேச இசைவிழாவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஸைடெகோ என்ற இசையை அங்கே கேட்கலாம். கருப்பினக் கிரியோல் மக்களின் இசை, அக்கார்டியனும் மார்பில் மாட்டிக்கொண்டு கரண்டியால் தேய்க்கும் தகரப் பலகையும் முக்கியம். ஓபலூசஸ் பக்கத்துக்காரரான கிளிஃப்டன் ஷெனியே அதை உலகத்துக்குக் கொண்டுபோனவர். எழுபது வயதுப் பாட்டி உங்கள் கையைப் பிடித்து ஆட இழுத்தால், மறுபடி அந்த "வேண்டாம்" தவறைச் செய்யாதீர்கள்.

இலையுதிர் காலச் சனிக்கிழமைகள் பேட்டன் ரூஜில் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துக்கு உரியவை. அரங்கில் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள். 1988-இல் கடைசி நேரத்தில் எடுத்த புள்ளிகளுக்கு எழுந்த ஆரவாரம் வளாகத்து நில அதிர்வுமானியில் பதிவானது. விளையாட்டு புரியாவிட்டாலும் பரவாயில்லை, வாகன நிறுத்துமிடத்தில் காலையிலிருந்தே சமைத்துக்கொண்டிருப்பார்கள். சும்மா நடந்து போனாலே தட்டு நீட்டுவார்கள்.

9. கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதவை

மிசிசிப்பிக் கரையில் வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய தோட்ட மாளிகைகள் இருக்கின்றன. ஓக் மர வரிசை, படம் எடுக்க அழகு. ஆனால் அவை அடிமைகளின் முதுகில் எழுந்தவை. முதலில் விட்னி தோட்டத்துக்குப் போங்கள், 2014-இல் திறந்த அருங்காட்சியகம். அடிமைப்பட்ட மக்களின் பெயர்களைக் கல்லில் வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மற்ற மாளிகைகளுக்குப் போவதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பேட்டன் ரூஜிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை ஏறக்குறைய 85 மைல் ஆற்றங்கரையில் இரசாயன ஆலைகள் நெருக்கமாக நிற்கின்றன. அந்தப் பக்கம் வீடு பார்த்தால் காற்று எந்தப் பக்கம் வீசும் என்றும் பாருங்கள்.

மே மாத இரவுகளில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கும். சின்ன வயதில் பிடித்து வறுத்துத் தின்ற ஞாபகத்தில் ரசித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். இது வெளிநாட்டிலிருந்து வந்த ஃபார்மோசக் கரையான், வீட்டையே தின்னும். வாசல் விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள், தெரு முழுக்க அப்படித்தான் இருட்டாக இருக்கும். குளக்கரையில் முதலை தெரிந்தால் தள்ளி நில்லுங்கள், எதுவும் போடாதீர்கள்.

10. கிண்ணம்

எட்டு மாதம் கழித்துப் பெரியவர் மறுபடி வந்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அடுத்தது நமக்குத் தெரிந்த வேலைதான்: பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தராதீர்கள். பலகாரம் செய்து அசத்த வேண்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஜாங்கிரியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்துவிட்டு வைத்துவிடுவார்கள். எலுமிச்சைச் சாதம், இறால் வறுவல், தேங்காய்ச் சட்னி இதெல்லாம் சட்டென்று இறங்கும். நான் அன்று அவசரத்தில் வீட்டில் இருந்த எலுமிச்சை ஊறுகாயைக் கிண்ணத்தில் போட்டு, "சோற்றோடு கொஞ்சமாக, தொட்டுக்கொள்ளத்தான்" என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. பூடானை நீளவாக்கில் பிளந்து, நடுவில் ஊறுகாயை அடைத்துத் தின்றாராம். கையில் காலிக் கிண்ணம், இன்னொரு கையில் மரத்திலிருந்து பறித்த ஒரு பை எலுமிச்சம்பழம்.